கரன்ட் வச்சா கால்ல பலம் வந்துடுமா?

கேள்வி: எங்கப்பாவுக்கு 64 வயசு, காசிமேட்ல ஐஸ் பொட்டி தூக்கின ஆளு. 12 வருஷமா சுகர் இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி நிமோனியா வந்து மூணு வாரம் படுத்த படுக்கையா கெடந்தாரு. இப்போ ஜுரம், சளி ஒண்ணும் இல்ல, ஆனா தரையில உக்காந்தா எழுந்திரிக்க முடியல, நாங்க ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி, கைப்பிடிய புடிச்சி இழுத்துதான் ஏறுறாரு. பிசியோவுக்கு போனோம், நாலு நாள் மிஷின்ல லேசா மின்சாரம் பாய்ச்சற கரன்ட் வச்சாங்க, ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திட்டாரு. சொந்தக்காரங்க ரெஸ்ட் எடுக்கட்டும்ங்கறாங்க. இது நரம்புத் தளர்ச்சியா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, அப்பா ரெஸ்ட் எடுத்தது போதும்மா. 60 தாண்டினவங்க பத்து நாள் அசையாம படுத்தாலே தொடைச் சதை கண்கூடா கரையும், அவரு மூணு வாரம் படுத்திருக்காரு, எழுந்ததும் பாவம்னு சொல்லி மறுபடி கட்டில்லயே உக்கார வச்சிட்டீங்க.

நம்ம பக்கம் கை கால் அசந்தாலே நரம்புத் தளர்ச்சின்னு ஒரே பேரு, போய் ஒரு சத்து ஊசி. எங்க பலம் கொறஞ்சிருக்குன்னு பாக்கணும். உக்காந்து எழுந்திரிக்க, படி ஏற கஷ்டம்னா பெரும்பாலும் இடுப்பு, தொடைச் சதைதான். படுத்து கெடந்தது போக விட்டமின் டி கொறவு, தைராய்டு, பொட்டாசியம் எறங்கறது, ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை, இதெல்லாமும் அப்படி பண்ணும். கொலஸ்ட்ரால் மாத்திரையும் சில பேருக்கு பண்ணும், நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. பாதம் எரியுது, மரத்து போகுது, செருப்பு கழண்டதே தெரியலன்னா அது சுகரால நரம்புக்கு வந்த கோளாறா இருக்கலாம். மெட்பார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 கொறையும், அதையும் சேத்து ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.

இப்போ கரன்ட். அது சில நேரம் வலிக்கு உதவும். அப்பாவோட தொடைக்கு அது பத்தாது, சதைக்கு வேலை குடுத்தாதான் பலம் வரும், அந்த வேலைய எவ்ளோ குடுக்கறது, எப்போ ஏத்தறதுன்னு பாத்து சொல்றதுதான் பிசியோதெரபி. நல்ல கெட்டி நாற்காலிய சுவர் ஓரமா போட்டு, ஒரு தலகாணி வச்சி உயரமாக்கி, கைய ஊனாம எட்டு தடவ எழுந்து எழுந்து உக்கார சொல்லுங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு இதே மாதிரி எட்டு எட்டா இன்னும் ரெண்டு சுத்து. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சுலபமாயிட்டா தலகாணிய எடுத்துடுங்க. வெறும் வயித்துல வேணாம், சுகர் எறங்கிடும். மொத ரெண்டு மூணு வாரத்துல தெரியற பலம் நரம்பு சதைய நல்லா வேலை வாங்க பழகறதால வர்றது, தொடை திரும்ப ஏற ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அதனால நாலு நாள்ல நிறுத்தினது ரொம்ப சீக்கிரம்மா.

ஜுரம் வந்தவங்களுக்கு வெறும் கஞ்சியும் ரசமும் குடுத்து நாம தான் இன்னும் இளைக்க வைக்கிறோம், எனக்கு இதுல ரொம்ப வருத்தம். கிட்னி நல்லா இருந்தா 60 கிலோ ஆளுக்கு தெனம் 60 லேர்ந்து 70 கிராம் புரோட்டீன் வேணும், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு. மத்தி, சங்கரா வாங்கி கொழம்பு வையுங்க.

அலைய முடியலன்னா 2021 லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்கறாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ஆனா திடீர்னு ஒரு பக்க கை கால் விழுந்தாலோ வாய் கோணினாலோ எதுக்கும் காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, அது பக்கவாதமா இருக்கலாம், மூளை ரத்தக்குழாய அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். பாதத்துல ஆரம்பிச்சி நாளுக்கு நாள் மேல ஏறுற பலவீனம், மூச்சு தெணறல், இதுக்கும் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: வயசு 26. ஆரி வொர்க் பண்றேன், தெனம் பத்து மணி நேரம் சம்மணம் போட்டு உக்காருவேன். ஒரு வாரமா வலது பாதத்த மேல தூக்க முடியல.
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முட்டிக்கு கீழ வெளிப்பக்கமா ஓடுற நரம்பு அழுந்தியிருக்கலாம்மா. முதுகுலேர்ந்தும் இது வரும், அதனால இந்த வாரமே நரம்பு டாக்டர பாருங்க. வெறும் அழுத்தம்னா பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ திரும்பிடும், அதுவரைக்கும் கணுக்கால் இறுகாம இருக்க பிசியோவும், தடுக்கி விழாம இருக்க பாதத்த தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட்டும் வேணும். சம்மணத்த இன்னிக்கே விட்டுடுங்க, பிரேம உயரமான ஸ்டாண்டுல வச்சி நாற்காலியில உக்காந்து தைங்க, கால் மேல கால் போடாம.