ஆறு மணி நேரம், 37 காயம்

கேள்வி: பதக்கம் வாங்கிய கமாண்டோக்களை ஓய்வுக்குப் பிறகும் அமெரிக்க அரசு ராஜா மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறதாமே? (வாசகர், திருச்சி)

பதில்: யார் சொன்னது? ராய் பெனாவிடெஸ் கதையைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

டெக்சாஸ்காரர். சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1965ல் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்தார். இனி நடக்கவே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மனிதர் ராத்திரியானால் கட்டிலைவிட்டு இறங்கி, முழங்கையையும் மோவாயையும் ஊன்றித் தரையில் ஊர்ந்தே சுவர்வரை போவார். சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து எழுந்து நிற்கப் பார்ப்பார். 1966ல் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? க்ரீன் பெரே எனப்படும் சிறப்புப் படையில் சேர்ந்து மறுபடி வியட்நாமுக்கே போனார்.

1968 மே 2. லாக் நின் பக்கத்துக் காட்டில் 12 பேர் கொண்ட ரோந்துக் குழுவை எதிரிகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ரேடியோவில் அவர்கள் அலறலைக் கேட்டு, யாரும் அனுப்பாமலே ஹெலிகாப்டரில் ஏறிப்போய்க் குதித்தார் பெனாவிடெஸ். கையில் ஒரு கத்தி, ஒரு மருந்துப் பை. ஆறு மணி நேரம். உடம்பில் குண்டு, பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி), வெடிச்சிதறல் என்று 37 காயம். எட்டுப் பேராவது அவரால் உயிர் பிழைத்தார்கள். செத்துவிட்டார் என்று பிணப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கப் போன டாக்டரின் முகத்தில் காறித் துப்பித்தான், தான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தார்!

முதலில் கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கம்தான். அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கமான ‘மெடல் ஆஃப் ஆனர்’ வேண்டுமென்றால் நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்றது ராணுவம். செத்துவிட்டதாகப் பெனாவிடெஸ் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சகவீரர், 1980ல் ஃபிஜித் தீவில் உயிரோடு இருப்பது தெரியவந்து, அவர் எழுதிக்கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. 1981 பிப்ரவரி 24, அதிபர் ரீகன் தாமே பாராட்டுரையை வாசித்துப் பதக்கத்தை அணிவித்தார்.

இரண்டே வருடம். அதே ரீகன் ஆட்சியில், 1983ல், பெனாவிடெஸின் ஊனமுற்றோர் உதவித்தொகையை வெட்டப் பார்த்தது சமூகப் பாதுகாப்புத் துறை. வேலை பார்க்கிற உடம்புதான் என்பது அவர்கள் கணக்கு. இதயத்தில் வெடிச்சிதறல் துண்டுகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார் அந்த மனிதர்.

அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக் குழு முன்னால் போய் நின்றார். என் ஒருவனுக்காக வரவில்லை, எனக்கே இப்படியென்றால் மற்றவர்கள் கதி என்ன என்பதுதான் அவர் வாதம். பத்திரிகைகள் எழுதின, உதவித்தொகை தப்பியது. நான் கவனித்தது இதைத்தான்: அந்தப் பதக்கம் அவருக்கு அந்த உதவித்தொகையை உரிமையாக வாங்கித் தரவில்லை, ஒரு மைக்கைத்தான் வாங்கித் தந்தது. அதே வெட்டுக்கு ஆளாகி, கழுத்தில் பதக்கம் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த மைக்கும் இல்லை.

அப்புறம் பள்ளிகளில், படிப்பை விட்டுவிடாதீர்கள் என்று பேசிக்கொண்டு காலத்தை ஓட்டினார். 1998ல், 63 வயதில் காலமானார். போன பிறகு தாராளம் பொங்கி வழிந்தது. கடற்படைக் கப்பலுக்கு அவர் பெயர். 2001ல் ஜி.ஐ. ஜோ பொம்மை வரிசையில் அவர் உருவமே கடைக்கு வந்தது. அதற்கு மட்டும் எந்த ஆபீசும் சாட்சி கேட்கவில்லை போலிருக்கிறது.