டாவ் பீட்டா பை அழைப்பு: பணம் கட்டலாமா?

அம்மா, வணக்கம். அமெரிக்காவில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு 'டாவ் பீட்டா பை' என்ற மாணவர் கௌரவச் சங்கத்தின் கிளையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, சேரப் பணம் கேட்கிறார்கள், மோசடியாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். கிரேக்க எழுத்து மூன்றைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் சங்கம் தொடங்கலாம்; பணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் அனுப்புவதோடு சரி என்ற ரகமும் உண்டு.

ஆனால் இந்தப் பெயர் பழைய பெயர். 1885-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வருகிறவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எண்பது பேர் படித்தால் முதல் பத்துப் பேர். கடைசி ஆண்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. மார்க்கோடு நடத்தையையும் பார்ப்பார்கள். கட்டணம் சேரும்போது ஒரு முறைதான். அப்புறம் ஆயுள் உறுப்பினர்.

பெயர் உண்மையானது என்பதால் வந்த மின்னஞ்சலும் உண்மை என்று ஆகிவிடாது. அதில் உள்ள லிங்க்கில் பணம் கட்டும் முன், பொறியியல் டீன் அலுவலகத்தில் போய், கிளைக்கு ஆலோசகராக இருக்கும் பேராசிரியர் யார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பல வளாகங்களில் பொறியியல் கட்டடத்தின் முன்னால் 'பெண்ட்' என்ற இவர்களுடைய உலோகச் சின்னம் நிற்கும். ரயில் பாலத்தைத் தாங்கும் சட்டத்தின் வடிவம். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறாளோ என்னவோ!

இதனால் வேலையோ விசாவோ கிடைத்துவிடாது. ரெஸ்யூமேயில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியிலும் வெறும் பெயரைப் போடாமல் 'வகுப்பில் முதல் எட்டில் ஒரு பங்கு' என்று சேர்த்து எழுதட்டும். நம் ஊர் எச்.ஆருக்கு அப்போதுதான் விளங்கும். என்னிடம் வந்த ஒரு பையன் இதே பெயரைப் போட்டிருந்தான். "கிளையில் என்ன செய்தீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டதும் முழித்திருக்கிறான். சேர்ந்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லையாம்.

பல கிளைகளில் ஜூனியர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்தால்கூடப் பேச விஷயம் இருக்கும். எம்.எஸ். எண்ணம் இருந்தால், உறுப்பினர்களுக்கென்று சங்கம் தரும் மேற்படிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

அழைப்பை ஏற்கக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள். தேர்வு மும்முரத்தில் அது நழுவிவிடும். இந்த வாரமே டீன் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.