வாசகர் கேள்வி – பதில்: ஒன்றாம் ஆண்டு எந்தப் பள்ளியில்?

தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் ஆண்டுப் பதிவு குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவ் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகளை ஒன்றாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். வீட்டில் முழுக்க முழுக்கத் தமிழ்தான் பேசுகிறோம். இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்குப் போனதும் பாடங்கள் மலாய்க்கு மாறிவிடும் என்பதால், ஆறு ஆண்டுகளைத் தமிழில் கழிப்பது வீண் என்கிறார் என் கணவர். மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் சேர்த்துவிட்டால் மலாய் தானாக வந்துவிடும் அல்லவா?
– செம்பனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் கணவரின் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. மலாயில் தடுமாறும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் வரலாற்றிலும் தடுமாறும், அறிவியலிலும் தடுமாறும். ஆனால், அதைத் தவிர்ப்பதற்குத் தொடக்கத்திலேயே தமிழை விட்டுவிட வேண்டும் என்று அவர் கருதுவதை ஏற்பதற்கில்லை.

வாசிக்கக் கற்பது ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் நிகழ்கிறது. ஒரு மொழியில் வாசிப்பு கைவந்த பிள்ளை, அடுத்த மொழிக்குப் போகும்போது புதிய எழுத்துகளையும் சொற்களையும் கற்கிறதே தவிர, வாசிப்பை மீண்டும் அடியிலிருந்து தொடங்குவதில்லை. ஒன்றாம் ஆண்டு வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். 'சன்னல்' என்னும் சொல்லை ஒரு சிறுமி விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறாள். சற்று வேகமாகச் சொல்லிப் பார்த்ததும் அவள் காதே அவளுக்கு விடை சொல்லிவிட, தலை சன்னல் பக்கம் திரும்புகிறது. அதே சிறுமி மலாயில் 'திங்-காப்' என்று பிழையில்லாமல் கூட்டிவிட்டு, ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறாள். உச்சரிப்பு சரிதான், ஆனால் சன்னலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் மலாய் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த இடர்ப்பாடு இல்லை, உங்கள் மகளுக்கு உண்டு. எழுத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் அவள் தலையில் ஏற்றுவானேன்? மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் ஒலியாவதைத் தமிழில் புரிந்துகொண்டவளுக்கு, பெரும்பாலும் ஒலிப்பதைப் போலவே எழுதப்படும் மலாயை வாசிப்பது பெரும்பாடாக இராது.

இது வெறும் தமிழ்ப்பற்றால் சொல்லப்படுவதன்று. ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கத் தாய்மொழியே மிகச் சிறந்த கருவி என்று யுனெஸ்கோ 1953-இலேயே அறிக்கை வெளியிட்டது. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் பிள்ளைகளின் தாய்மொழியான யொருபாவிலேயே பாடம் நடத்தி, ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் நன்கு கற்பித்தார்கள். அப்பிள்ளைகள், இடையில் ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டவர்களைவிட ஆங்கிலத்தில் பின்தங்கிவிடவில்லை. மற்றப் பாடங்களில் முந்தியிருந்தார்கள்.

'தானாக வந்துவிடும்' என்பதும் பாதி உண்மைதான். திடலில் விளையாடவும் சிற்றுண்டிச் சாலையில் கேட்டு வாங்கவும் வேண்டிய மலாய் ஓரிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூலின் ஒரு பத்தியைப் படித்துக் காரணகாரியத்தோடு விடை எழுதுவதற்கான மொழி கைகூட ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதைக் கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார்.

அதற்காக, தமிழ்ப்பள்ளியில் பெயர் பதிந்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அங்கே முதலாண்டிலிருந்தே மலாயும் ஆங்கிலமும் பாடங்களாக உள்ளன. அவை எவ்வளவு அக்கறையோடு நடக்கின்றன என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பதிவுக்குப் போகும்போது புதிய கட்டடத்தையும் கணினி அறையையும் பார்ப்பதோடு நில்லாமல், கீழ்வகுப்புகளுக்கு மலாய் கற்பிப்பவர் யார், பிள்ளைகள் வாய் திறந்து மலாய் பேச வகுப்பில் நேரம் உண்டா என்று கேளுங்கள். மலாயில் போதிய தேர்ச்சி பெறாத மாணவர்கள் படிவம் 1-க்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க நேர்கிறது. அந்த ஓராண்டைத் தவிர்க்கும் முயற்சி முதலாண்டிலேயே தொடங்க வேண்டியது. ஆறாம் ஆண்டில் டியூஷனுக்கு அனுப்பிச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் படித்தவன். படித்து முடித்துப் பால்மரம் வெட்டத்தான் போனேன். என் பேரனுக்கும் அதே கதி வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்

பதில்: ஐயா, தங்கள் கேள்வியில் உள்ள வலி நியாயமானது. ஆனால் பழி சேர வேண்டிய இடம் வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. எப்படிப்பட்ட பள்ளி என்பதைப் பற்றி நிர்வாகங்கள் அதிகம் கவலைப்படவில்லை. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் நடந்தன; எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) வாத்தியாராக நின்ற தோட்டங்கள் பல. பிள்ளை பெரிய படிப்புப் படித்துவிட்டால் மரத்திற்கு ஆள் குறையுமே என்னும் கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கொட்டகையில் எந்த மொழியில் பாடம் நடத்தியிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்காது.

இன்றைய நிலை வேறு. 1957-இல் 880-க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தும் போனதால் இன்று ஏறக்குறைய 530 ஆகிவிட்டன. இருப்பவற்றில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். பாடத்திட்டமும் தேசியப் பள்ளிகளுக்கு உரியதேதான். குறை இல்லாமலும் இல்லை. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் நம்மிடம் மிகுதி. சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துகிறார்கள். அத்தகைய பள்ளியாக இருந்தால், பேரனை அனுப்பும் முன் தலைமையாசிரியரிடம் அதுபற்றித் தயங்காமல் கேளுங்கள். சிறிய வகுப்பில் ஆசிரியரின் கண் ஒவ்வொரு பிள்ளை மீதும் படுவதும் உண்டு என்பதால், அதையே காரணமாக வைத்து ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

கேள்வி: பாலர் வகுப்பில் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே பேசுகிறார்கள். அதைத் திருத்தித் தூய தமிழில் சொல்ல வைக்க வேண்டும் என்கிறார்கள் சில பெற்றோர். என்ன செய்வது?
– ஒரு பாலர் பள்ளி ஆசிரியை

பதில்: பேச விடுங்கள். "பசியாறிட்டேன் டீச்சர், அம்மா ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்தாங்க" என்று ஆசையோடு சொல்ல வந்த பிள்ளையை நிறுத்தி, "காலை உணவு உண்டேன் என்று சொல்" என்றால், மறுநாள் அது எதுவும் சொல்லாது. பிள்ளையின் தாய்மொழி என்பது அதன் தாய் பேசும் இந்தப் பேச்சுதான். நூல் தமிழை அப்பிள்ளையும் பள்ளியில்தான் கற்றாக வேண்டும். தாய்மொழிக் கல்வியை ஆதரிப்போர்கூட இந்த இடைவெளியைக் கண்டும் காணாமல் போவது எமக்கு வியப்பளிக்கிறது. நூல் தமிழைப் பிள்ளையின் வாயில் திணிப்பதைவிடக் காதில் போடுவது நல்லது: நாள்தோறும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே உரக்கப் படித்துக் காட்டுங்கள், அதைப் பிள்ளைகள் தங்கள் பேச்சிலேயே திருப்பிச் சொல்லட்டும். எழுதத் தொடங்கும் வயதில் அந்த நடை பழகிய ஒன்றாக இருக்கும். பெற்றோரிடமும் இதை ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் மகனைத் தேசியப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். அவன் தமிழ் எழுத்து கற்க அங்கே வழி உண்டா?
– பட்டணத்து வாசகர்

பதில்: உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டு, நடைமுறையில் இயலுவதாகவும் இருந்தால் அங்கே தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் 'ஆள் போதாது' என்ற பதிலே கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வரும் மற்றத் தமிழ்ப் பெற்றோரைக் கண்டு பேசி, எல்லாருமாகக் கையொப்பமிட்ட ஒரே கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகல் ஒன்றில் பள்ளியின் முத்திரையைப் பெற்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் இல்லை என்று காலம் தாழ்த்தும்போது மாவட்டக் கல்வி அலுவலகத்தில் காட்டிக் கேட்க அது உதவும்.