பள்ளியில் மாத்திரை கொடுத்தும் பூச்சி ஏன் திரும்புகிறது?

கேள்வி: எங்கள் ஊர் ஜவ்வாது மலையில். ஒன்பது வயது மகளுக்குப் பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனாலும் மலப் பரிசோதனையில் மறுபடியும் கொக்கிப்புழு, இரத்தமும் குறைவு. இனிப்பை நிறுத்தியும் பயனில்லை. மாத்திரை சரியில்லையா?

பதில்: மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. 400 மி.கி. அல்பெண்டசோல் ஒரே வேளையில் கொக்கிப்புழு உள்ளவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேரைக் குணப்படுத்திவிடும். (சாட்டைப்புழுவிடம்தான் அது திணறும்.) ஆனால், அன்று குடலில் இருப்பதைக் கொல்லுமே தவிர, பிறகு நுழைவதைத் தடுக்காது. இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், குழந்தைக்கு மிட்டாயைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் யாரெல்லாம் இன்னும் கொல்லைப்பக்கம் ஒதுங்குகிறார்கள்? மலத்தோடு விழும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் அந்த இளம்புழு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அங்கே வெறுங்காலோடு நடந்தால் விரலிடுக்கு வழியாக உள்ளே போகும். அந்த இடத்தில் வரும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவோம். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்து, அதன் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். அடுத்த மாத்திரைக்கோ இன்னும் நான்கு மாதம் இருக்கும்.

இன்னொன்று: உருண்டைப்புழு பள்ளி வயதில்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படியல்ல, வயது ஏற ஏறக் கூடி, பெரியவர்களிடம் தங்கிவிடும். அதிலும் ஊரின் மொத்தப் புழுக்களில் பெரும்பங்கு ஒரு சிலர் வயிற்றில்தான் இருக்கும். அரசின் குடற்புழு நீக்க முகாம் 1 முதல் 19 வயது வரைக்கானது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். அப்பாவும் தாத்தாவும் அந்தக் கணக்கில் இல்லை. எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்தால் பரவலையே அறுக்க முடியுமா என்று பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் 'டீவார்ம்3' ஆய்வு நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் உங்கள் ஜவ்வாது மலையும் ஒன்று.

ஆகவே, மகளுக்கு மட்டும் மருந்து போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, வீட்டுப் பெரியவர்களும் சாப்பிடுங்கள். தாத்தா உட்பட எல்லோரும் கழிப்பறைக்கே போகட்டும். இதில்தான் வீட்டில் சண்டை வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். மகள் செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போக வேண்டாம். புழு போனாலும் இழந்த இரத்தம் தானாக ஊறிவிடாது. ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் காலம்வரை இரும்புச்சத்து மருந்து கொடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் மூன்று மாதம் இந்த மாத்திரை கூடாது. யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் மாத்திரையைத் தொட வேண்டாம்.