கடைசிக் குடம் நல்ல தண்ணீர்

கேள்வி: மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் தொழில். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் முங்கி எழுவேன். இடுப்பு வரை இருக்கும் முடி இப்போது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, சீப்பே இறங்கவில்லை. கரைக்கு வந்ததும் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு எண்ணெயும் தடவுகிறேன். பிறகும் ஏன் இப்படி? வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட அவசரப்பட வேண்டாம்மா. முடியைக் கடல் கெடுப்பது பாதி என்றால், கரையில் குளிக்கும் குளியல் கெடுப்பது மீதி.

ஒரு மீனை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிப் பாருங்கள், செதிள் கையை உரசும். முடியின் மேலும் அப்படித்தான் செதிள் அடுக்கு இருக்கிறது, வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்தபடி. வெயிலும் உப்பும் அந்தச் செதிளைத் தூக்கிவிடும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நனைந்த முடி காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். தூக்கிய செதிளோடு செதிள் மாட்டிக்கொள்வதுதான் உங்கள் சிக்கு.

அடுத்தது போர் தண்ணீர். நம் கரையோரத்தில் பல இடங்களில் அது சவர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாளி ஓரத்தில் வெள்ளையாகப் பிசுக்குப் படியும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு அது. அதே பிசுக்கு தலைமுடியிலும் ஒட்டுகிறது. அதன் மேல் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் மேலோடு நின்றுவிடும். அதனால் சோப்பைத் தலைக்குப் போடுவதை இன்றோடு விடுங்கள். ஷாம்பு இப்படிப் பிசுக்காகாது. ஒரு பாக்கெட்டை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும், வழிந்து வருவதே நுனியைச் சுத்தம் செய்துவிடும். சீயக்காய் நல்லதுதான், ஆனால் தூள் முழுக்கப் போக நிறையத் தண்ணீர் வேண்டும். குடம் குடமாக விலைக்கு வாங்கும் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போர் தண்ணீரிலேயே குளியுங்கள், பரவாயில்லை. கடைசியாக அலச மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் அதுவே போதும். வாரம் ஒரு முறை, அந்தக் குடத்தைத் தொடும் முன், ஒரு செம்புத் தண்ணீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து முடியில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். படிந்த பிசுக்கு கரையும். சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் போனால் புண்ணாகிக் கறுக்கும், ஆகவே நன்றாக அலசிவிட வேண்டும்.

எண்ணெயைக் குளித்த பின் அல்ல, கடலுக்குப் போகும் முன் தடவுங்கள். முடியை நல்ல தண்ணீரில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து நுனி வரை தேங்காய் எண்ணெய் தடவி, பின்னலிட்டுத் துணி கட்டிக்கொள்ளுங்கள். முன்பே நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் குறைக்கவில்லை என்று 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. தலையில் பொடுகு இருந்தால் மட்டும் வேரில் எண்ணெய் படாமல் பாருங்கள்.

கரைக்கு வந்ததும் ஈரக் கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். மாலை வரை அப்படியே கட்டி வைத்தால் பொடுகும் அரிப்பும் கூடும். சிக்கை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள்.

வெட்டுவதைப் பற்றி: முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வளரும். உங்கள் நுனியில் இருப்பது ஐந்து வருடத்து வெயிலைப் பார்த்த முடி. அங்கே பிளந்தது எந்த எண்ணெயாலும் ஒட்டாது. இரண்டு விரற்கடை மட்டும் வெட்டுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி இரண்டு.

முடி கொத்தாகக் கொட்டினாலோ, களைப்பு, மூச்சு வாங்கல், மாதவிலக்கில் அதிகப் போக்கு இருந்தாலோ அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். வறட்சிக்கு அவையும் காரணமாகலாம், அதற்கு மருந்து வேறு.