பதில்: கால்பந்து கோலில் சும்மா நிற்கும் மகன்

வணக்கம் அக்கா. செந்தூல் கால்பந்துப் பயிற்சியில் உங்கள் பதினோரு வயது மகனைக் கோல் காக்க நிறுத்திவிட்டு, கடைசியில் மற்ற பிள்ளைகள் வரிசையாக வந்து பந்தடிப்பதுதான் அவனுக்குப் பயிற்சி என்று எழுதியிருந்தீர்கள். அது அடிக்கிறவர்களுக்கான பயிற்சி. மலேசியக் கோல்கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைப் பெருமையாகப் பேசுகிற நாட்டில் இப்படி!

கோச்சிடம் சண்டை வேண்டாம், பாவம், ஒற்றை ஆளாக எல்லாரையும் பார்ப்பார். பாஸ் பழகும்போது இவனையும் சேர்க்கச் சொல்லுங்கள், போதும். 1992 முதல், சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது. கால் பழகியே ஆகவேண்டும்.

பந்துக்குப் பாய்ந்து விழுவதை நீங்களே பக்கத்துத் திடலில் பழக்கலாம். முதலில் முட்டி போட்டு, அப்புறம் குந்தி, கடைசியில்தான் நின்றுகொண்டு. தொடை, இடுப்பு, தோள் எனப் பக்கவாட்டில் தரையில் படவேண்டும். முழங்கையை ஊன்றவே கூடாது. புல்லில் மட்டும், ஃபுட்சால் ஆடும் சிமெண்டுத் தரை வேண்டவே வேண்டாம். நெஞ்சுக்கு மேலே வரும் பந்தைப் பிடிக்கும்போது இரண்டு கட்டைவிரலும் பந்துக்குப் பின்னால் நெருங்கியிருக்கிறதா பாருங்கள். விலகியிருந்தால் நடுவில் நழுவி மூக்கில் படும்.

மாதக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதானே? அதையும் சிரித்துக்கொண்டே கோச் காதில் போட்டு வையுங்கள்.