கோடியக்கரைக் குட்டியைப் பிடித்து வரலாமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் எனக்கு உயிர். காட்டு மிருகங்கள் மீதும் அப்படித்தான். வீட்டில் இரண்டு பச்சைக்கிளிகளும் ஒரு நட்சத்திர ஆமையும் பிள்ளைகள் போல வளர்கின்றன. இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். கோடியக்கரைக் காட்டில் கேட்பாரற்றுத் திரியும் குதிரைகளில் ஒரு குட்டியைப் பிடித்து வந்து வளர்க்க ஆசை. அங்கே வெயிலில் காய்வதைவிட என்னிடம் ராஜா மாதிரி இருக்குமே! இப்படிப்பட்ட பாசத்தை உங்கள் இதழ் ஏன் எப்போதும் குறை சொல்கிறது?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் குட்டிக்கு ஒரு தாய் இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் குறை.

நானும் கோடியக்கரைக் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புல்வெளியில் ஆறேழு குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலடியில் உண்ணிக்கொக்குகள். நான் நின்ற பக்கம் தெரியாதபடி ஒரு குட்டி தன் தாயின் மறுபுறம் ஒட்டி நின்றது. நான் இரண்டடி நகர்ந்தால் அதுவும் தாயைச் சுற்றி இரண்டடி நகரும். தாய் மேய்வதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு காது மட்டும் என் பக்கமே திரும்பியிருந்தது. மூன்றாவது அடி வைத்தபோது இரண்டு காதுகளும் பின்னால் படிந்தன. குதிரை பழகியவருக்கு அதன் பொருள் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு நின்றுவிட்டேன்.

குதிரைகளோடு வாழ்நாள் முழுக்க வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்காரர். பெயர் வெல்மா ஜான்ஸ்டன், 1912-ல் பிறந்தவர். அவர் அப்பா சரக்கு வண்டி ஓட்டியவர். வண்டியில் பூட்டியது மலையிலிருந்து பிடித்துப் பழக்கிய 'மஸ்டாங்' என்னும் காட்டுக்குதிரைகளை. வெல்மாவுக்குப் 11 வயதில் போலியோ வந்தது. மாதக்கணக்கில் உடம்பு முழுக்க மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது முகமும் முதுகும் கோணியிருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள், குதிரைகளிடம் போய் நின்றாள் அந்தச் சிறுமி. பின்னாளில் கல்யாணமாகி, ஒரு சிறு பண்ணை வைத்து, ரீனோ நகரத்தில் ஓர் இன்சூரன்ஸ்காரரிடம் செயலாளராக வேலை பார்த்தார்.

1950-ல் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். அலுவலகத்துக்குப் போகாமல் லாரியின் பின்னாலேயே போனார். உள்ளே காட்டுக்குதிரைகள், திணித்து ஏற்றப்பட்டவை. ஒரு குட்டி மற்றவற்றின் காலடியில் மிதிபட்டுச் செத்துக் கிடந்தது.

அந்தக் குதிரைகளைப் பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். சின்ன விமானம் ஒன்று மலையிடுக்குகளில் தாழப் பறந்து மந்தையைச் சமவெளிக்கு விரட்டும். அங்கே லாரியில் காத்திருப்பவர்கள் கழுத்தில் சுருக்கு வீசுவார்கள். கயிற்றின் மறுமுனையில் கனமான பழைய டயர் கட்டியிருக்கும். குதிரை அதை இழுத்துக்கொண்டே ஓடி, மூச்சு முட்டி நிற்க வேண்டும். பிடித்ததெல்லாம் நாய், பூனைகளுக்கான டப்பா உணவாகப் போகும். அதைச் செய்தவர்களும் கேட்டது உங்கள் கேள்வியைத்தான்: யாருக்கும் சொந்தமில்லாத குதிரைதானே?

வெல்மா ஒரு குட்டியைக் காப்பாற்றிக் கொண்டுவந்து பண்ணையில் கட்டியிருந்தால் அவர் மனசு ஆறியிருக்கும். சொந்தக் குதிரைகளை அன்பாக வைத்திருந்தவர்தான் அவர். மலையில் இருப்பவை மலையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தார். டைப்ரைட்டரை எடுத்து உட்கார்ந்துவிட்டார். 1952-ல் அவருடைய கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) விமான வேட்டைக்குத் தடை வந்தது. 1955-ல் நெவாடா மாநிலமே சட்டம் போட்டது. ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம், அங்கே அந்தச் சட்டம் செல்லாது. மறுபடியும் எழுதினார். எதிர்த்தவர்கள் அவரைக் கிண்டலாக 'காட்டுக்குதிரை ஆனி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். பொது நிலங்களில் காட்டுக்குதிரைகளை விமானத்திலும் மோட்டார் வண்டியிலும் துரத்தி வேட்டையாடக் கூடாது, அவை குடிக்கும் நீர்நிலையில் நஞ்சு கலக்கக் கூடாது என்று 1959-ல் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. அதற்கும் அவர் பெயர்தான் வழங்குகிறது. 1971 டிசம்பரில் அதைவிடப் பெரிய பாதுகாப்புச் சட்டம் ஓர் எதிர்ப்பு ஓட்டுக்கூட இல்லாமல் நிறைவேறியது. முதல் லாரியைப் பார்த்து அதற்குள் 21 வருடம் ஆகிவிட்டது. 1977-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தச் சட்டங்களால் ஆயிரக்கணக்கான குதிரைகள் பிழைத்தன.

கதை அதோடு சுபமாக முடியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இன்று அந்த நிலங்களில் காட்டுக்குதிரைகளும் காட்டுக்கழுதைகளும் சேர்ந்து 70,000-க்கு மேல். பாலைவனப் புல்லும் தண்ணீரும் தாங்கக்கூடியது 27,000-க்குள்தான் என்கிறது நிலத்தை நிர்வகிக்கும் துறை. 1976-லேயே ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடிக்க அனுமதி வந்துவிட்டது. பிடிக்கப்பட்டவற்றில் சுமார் 60,000 அரசுக் கொட்டடிகளிலும் மேய்ச்சல் பண்ணைகளிலும் தீனி தின்றுகொண்டு நிற்கின்றன. கருத்தடை ஊசியை அம்பாக எய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று பல காலமாகச் சொல்கிறார்கள், கொஞ்சம் செய்கிறார்கள், போதுமான அளவு செய்வதில்லை. எனக்கு அது கோபம்தான்.

கோடியக்கரையிலும் இதே சிக்கல் உண்டு. 1967-ல் அது சரணாலயமானது முக்கியமாக வெளிமானுக்காக. குதிரை அங்கே வந்தேறி. வெளிமான் மேயும் புல்லைத்தான் அதுவும் மேய்கிறது, சீமைக்கருவேல நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பவும் செய்கிறது. ஆகவே அங்கே எத்தனை குதிரை இருக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண வேண்டியவர்கள் வனத்துறையினரும் ஆராய்ச்சியாளர்களும். நீங்கள் ஒரு குட்டியைத் தூக்கி வருவதால் வெளிமானுக்கு ஒரு பிடி புல்லும் கூடுதலாகக் கிடைக்காது, ஒரு தாய் இரண்டு நாள் கனைத்துக்கொண்டு திரியும், அவ்வளவுதான். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் போவதே குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராஜா மாதிரி இருக்கும் என்கிறீர்கள். பால் மறக்காத குட்டிக்கு என்ன கொடுப்பீர்கள்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தெரியுமா? தீனி சட்டென்று மாறி வயிறு பிடித்துக்கொண்டால் உள்ளே போனது திரும்பி வர வழியில்லை. படுத்துப் புரளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், சில மணி நேரத்தில் போய்விடவும் கூடும். பாசத்தோடு கொடுத்த பழமும் பிரெட்டும் குதிரைக்கு எமனாகலாம்.

அப்புறம், உங்கள் கிளிகள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்குகிறது. எட்டு வயதில் நானும் கிளி வளர்த்தேன். பொந்திலிருந்து எடுத்து வந்த குஞ்சு. சிறகின் நுனியைக் கத்தரித்தது வீட்டுப் பெரியவர்தான், பிடித்துக்கொண்டது நான். என் தோளில் உட்கார்ந்து காதைக் கொத்தும், என் பெயரைச் சொல்லும். ஒரு மத்தியானம் கூண்டைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பூனை வந்தபோது அது பறக்கப் பார்த்திருக்கிறது. திண்ணையில் பச்சை இறகுகள் கிடந்தன, அதில் கத்தரித்த நுனிகள் நேர்கோடாகத் தெரிந்தன. ஐம்பது வருடம் ஆகியும் அந்த நேர்கோடு எனக்கு மறக்கவில்லை.

பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காகப் பயந்து கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கையில் தின்று பழகிய கிளிக்கு இரை தேடத் தெரியாது. பருந்தைக் கண்டால் ஒளியவும் தெரியாது. ஆமையையும் கண்ட இடத்தில் விடக் கூடாது. இரண்டையும் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இந்த வாரமே.

குதிரை வேண்டுமா? சரி, அதற்கு நேர் வழி இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் ஆடித் தேர்த்திருவிழாவை ஒட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகள் வரும். வாங்காமல் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். லாயத்துக்கு இடம், லாடம் அடிக்க ஆள், பச்சைப்புல், ஊறவைத்த கொள்ளு, குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர், துணைக்கு இன்னொரு குதிரை - தனியாக நின்றால் அது ஏங்கும் - இத்தனைக்கும் உங்கள் ஓய்வூதியம் தாங்குமா என்று விசாரியுங்கள். குதிரை 25, 30 வருடம் வாழும். உங்களுக்கு இப்போது 60 என்று வைத்துக்கொள்வோம். 85 வயதில் அதன் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யப்போவது யார்? அந்தப் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள். அதற்கப்புறம் எந்தக் குதிரை வாங்கலாம் என்று பேசலாம்.